கல் தூசியும் தலைவிதியும்

நமது நாட்டில் ஏழை ஒருவனுக்கு இருமல் கண்டு, மூச்சு முட்டி, உடல் இளைத்து வருமானால், அதற்குப் பெயர் வைப்பதற்கென்றே பல பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜோசியனிடம் போனால் ஏழரைநாட்டுச் சனி என்பான். பூசாரியிடம் போனால் குலதெய்வக் குற்றம் என்பான். புராணம் படிக்கிறவன் போன ஜென்மத்துக் கர்மம் என்பான். வேலை கொடுத்த முதலாளியிடம் போனாலோ, "நீ குடித்த பீடியால் வந்தது, நான் என்ன செய்ய?" என்பான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கேயும் கூட்டத்தின் நெருக்கடியில், "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்க நேரமில்லாமல், க்ஷயம் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. இத்தனை பெயர்களும் வைக்கப்பட்ட பிறகும், அவன் நெஞ்சுக்குள் உண்மையில் இருப்பது என்ன என்கின்ற ஒரு விஷயம் மாத்திரம் அவனுக்குத் தெரியாமலே அவன் செத்துப் போகிறான்.

வியாதிக்குச் சரியான பெயர் எது என்பது வைத்தியர்களுக்குள் நடக்கும் ஏதோ ஒரு படிப்பு விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. கல்லுடைக்கிறவன், சுரங்கத்தில் இறங்குகிறவன், ஜல்லி யந்திரத்தின் முன் நிற்கிறவன் ஆகியவர்களைப் பொறுத்தவரை அந்தப் பெயர்தான் அவன் உயிரையும், அவனுக்குப் பின் அவன் பெண்டு பிள்ளைகளின் சோற்றையும் தீர்மானிக்கின்றது. ஆதலால்தான் இவ்வாரம் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதுகின்றோம்.

முதலில் கல் தூசி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். கருங்கல்லிலும், வெள்ளைக் கல்லிலும், ஆற்று மணலிலும் சிலிகா என்கின்ற பொருள் இருக்கின்றது. கல்லைத் துளை போடும்போதும், உடைக்கும்போதும், அரைக்கும்போதும், இழைக்கும்போதும் அது தூளாகிக் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தானதல்ல. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத, கண்ணுக்கே தெரியாத தூசிதான் நுரையீரலின் கடைசிக் கோடி வரை போய்ச் சேருகின்றது. அங்கே அன்னியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்று காவல்காரனைப் போன்ற அணுக்கள் இருக்கின்றன. அவை தூசியை விழுங்குகின்றன. ஆனால் கல்லை ஜீரணிக்க முடியாமல் தாங்களே சாகின்றன. செத்த இடத்தில் புண்ணாகி, புண் ஆறித் தழும்பாகின்றது. விழுங்கிய அணு செத்தாலும் தூசி சாவதில்லையாகையால், அதை மற்றொரு அணு விழுங்கிச் சாகின்றது. இப்படியே கடுகு போலவும் மிளகு போலவும் தழும்புகள் தோன்றி, வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து, நெல்லிக்காய் அளவும் அதற்கு மேலும் கட்டிகளாகின்றன. இதற்குத்தான் சிலிகோஸிஸ் என்று பெயர். சாதாரணமாகப் பத்து, இருபது வருஷங்களில் தலைகாட்டும். தூசி அதிகமாயிருந்தால் சில வருஷங்களிலேயே ஆளைத் தீர்த்துவிடும். வேலையை விட்டுவிட்ட பிறகும் உள்ளே போன தூசி தன் வேலையை விடுவதில்லை. இதைத் தீர்க்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது.

இது புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதியும் அல்ல. இத்தாலி தேசத்தில் ராமஸ்ஸினி என்கின்ற வைத்தியர் 1700ம் வருஷத்திலேயே தொழிலாளிகளுக்கு வரும் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதில் கல் கொத்துகிறவர்களின் நெஞ்சு நோயையும் சேர்த்து, நோயாளியிடம் வைத்தியன் கேட்க வேண்டிய கேள்விகளில் "உன் தொழில் என்ன?" என்பதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி நம்முடைய ஆஸ்பத்திரிகளில் எத்தனை இடத்தில் கேட்கப்படுகிறது என்பதை வாசகர்களே தங்கள் அனுபவத்தில் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நிற்க, இவ்வியாதிக்குப் பெயர் வைப்பதில் நடந்திருக்கும் பித்தலாட்டங்களில் இரண்டொன்றைக் கவனிப்போம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் 1930ம் வருஷத்தில், ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக ஒரு மலையைக் குடைந்தார்கள். ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் என்பது அதன் பெயர். அந்த மலை பெரும்பாலும் சிலிகாவாகவே இருந்தது. தண்ணீர் விட்டுத் துளை போட்டால் தூசி அடங்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனால் வேலை தாமதப்படும் என்று உலர்ந்த கல்லிலேயே துளை போட வைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் நாலில் மூன்று பங்குக்காரர் நீக்ரோத் தொழிலாளர்கள். அவர்கள் மூச்சு முட்டி விழ ஆரம்பித்தவுடன், அங்கிருந்த வைத்தியர்கள் நிமோனியா என்றும், சுரங்கக் காய்ச்சல் போன்ற இல்லாத பெயர்களைச் சொல்லியும் மருந்து கொடுத்தார்கள். செத்தவர்கள் குறைந்தது 764 பேர் என்று பின்னால் கணக்கிடப்பட்டிருக்கின்றது. நிமோனியா என்றால் கிருமியின் குற்றம். சிலிகோஸிஸ் என்றால் முதலாளியின் குற்றம். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எவ்வளவு பெரிய வித்தியாசம் பார்த்தீர்களா?

நம்மவர்கள் கதைக்கு வருவோம். கோலார் தங்கவயலில் 1880ம் வருஷத்திலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனி தங்கம் எடுக்க ஆரம்பித்தது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்திற்குப் போன சுரங்கம் அது. அதற்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் ஆதிதிராவிடத் தோழர்களே அதிகம். ஊரில் தெருவில் நடக்க விடாத ஜாதிக் கொடுமைக்குத் தப்பிப் போனவர்கள், அங்கே பூமிக்கடியில் கல் தூசிக்கு இரையானார்கள். இந்தியாவில் சிலிகோஸிஸ் இருப்பதாக முதன்முதல் வெளியானதே 1934ம் வருஷத்தில் இந்தச் சுரங்கத்துத் தொழிலாளர்களைப் பற்றித்தான். பிறகு 1940க்குப் பிந்திய வருஷங்களில் 7,653 பேரைச் சோதித்துப் பார்த்ததில், 100க்கு 40 பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கக் கண்டார்கள். அந்தச் சுரங்கம் 2001ம் வருஷத்தில் மூடப்பட்டுவிட்டது. நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்ததாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். வெளியே வந்த தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. நெஞ்சுக்குள் போன தூசிக்குக் கணக்கு எங்கே?

குஜராத்தில் கோத்ரா பக்கத்து வெள்ளைக்கல் அரைக்கும் ஆலைகளுக்கு, மத்தியப் பிரதேசத்தின் ஆதிவாசிகள் கூலிக்குப் போய், தூசியைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பிக் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2016ம் வருஷத்தில், இறந்துபோன 238 பேரின் குடும்பத்தாருக்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் குஜராத் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ராஜஸ்தான் சர்க்கார் 2019ல் செய்த ஏற்பாட்டின்படி, சிலிகோஸிஸ் என்று சர்டிபிகேட் பெற்றவனுக்கு 3 லட்சமும், அவன் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் என்று திட்டம் செய்யப்பட்டது. சர்டிபிகேட்டில் அந்தப் பெயர் எழுதப்படாவிட்டால் ஒரு காசும் கிடையாது. ஆகவே பெயர் என்பது வெறும் பெயரல்ல என்பது விளங்கும்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். கல் தூசி தழும்பு மாத்திரம் உண்டாக்குவதில்லை. நுரையீரலில் புற்றுநோயையும் உண்டாக்கும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச ஸ்தாபனம் 1997ம் வருஷத்திலேயே சிலிகாத் தூசியை, மனிதனுக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் என்கின்ற முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பீடி, சிகரெட்டு குடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால் பீடியை விட்டுவிட வேண்டியது அவசியமே. நாம் அதற்காக வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒருவன் பீடி குடித்தான் என்பதால் அவன் நெஞ்சிலுள்ள கல் தூசி காணாமல் போய்விடாது.

ஆக, முப்பது வருஷம் கல்லுடைத்த ஒருவனின் எக்ஸ்ரே படத்தில் ஒரு கட்டி தெரிந்தால், அது தூசியால் வந்த தழும்புக் கட்டியா, புற்றுக் கட்டியா என்கின்ற கேள்வி வருகிறது. இரண்டும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகவே தெரியும். கம்ப்யூட்டர் உதவியால் உடலைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் ஸி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். இரண்டு பக்கமும், மேல் பாகத்தில், சுற்றிலும் சிறு தழும்புகளோடு கட்டி இருந்தால் தூசிக் கட்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரே பக்கத்தில் தனியாக நின்றாலோ ஸி.டி.யும் தடுமாறும். உடலில் சர்க்கரையை அதிகமாகத் தின்னும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. புற்றுநோய் சர்க்கரையை வேகமாகத் தின்னுமாகையால் அந்த இடம் பிரகாசிக்கும். ஆனால் தூசிக் கட்டியிலும் புகைச்சல் அடங்காமல் இருப்பதால் அதுவும் சர்க்கரையைத் தின்று பிரகாசிக்கிறது. க்ஷயக் கட்டியும் அப்படியே. அங்கேயும் குழப்பம்தான். கடைசி வழி, ஊசியை விட்டுக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது. சாதாரண நுரையீரலில் இது தாங்கக் கூடியது. ஏற்கனவே கெட்டுப்போய், மீதமுள்ள கொஞ்ச இடத்தைக் கொண்டு மூச்சு விடுகிறவனுக்கோ, ஊசி போன வழியில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப் போனால் அதுவே எமனாக முடியலாம்.

இந்த இடத்தில்தான் எம்.ஆர்.ஐ. என்கின்ற காந்தப் படம் உதவிக்கு வருகின்றது. இது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் தெரியாத பொருளைத்தான் மனிதன் ஒன்று கும்பிடுகிறான், அல்லது அதைக் கண்டு பயப்படுகிறான்.

நம் உடலில் பெரும்பாகம் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் உட்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. ஆளை ஒரு பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்தால், இந்தச் சிறு காந்தங்களில் ஒரு பகுதி அந்தக் காந்தத்தின் திசையை அனுசரித்து நிற்கும். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக உள்ள இந்தக் காந்தத்தின் பலம், திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்த பலத்தைவிட முப்பதினாயிரம் மடங்கு போல் ஆகும். அப்படி நிற்பவைகளை ரேடியோ அலையினால் ஒரு தட்டுத் தட்டினால் அவை ஆடும். ஆடும்போது தாங்களும் ரேடியோ சப்தத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சப்தத்தை வாங்கிக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. எக்ஸ்ரேயைப் போல் உடலைச் சுடும் கதிர் இதில் கிடையாது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், எல்லா இடத்துத் தண்ணீரும் ஒரே மாதிரி சப்தம் கொடுப்பதில்லை. தொங்கும் வெண்கல மணியை அடித்தால் நெடுநேரம் ஒலிக்கிறது. அதே மணியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தால் "டொக்" என்று அடங்கிவிடுகிறது. புற்றுக் கட்டியில் புது அணுக்களும் தளர்ந்த தண்ணீரும் நிறைய இருப்பதால் சப்தம் நெடுநேரம் நிற்கும். படத்தில் அது வெளுப்பாகத் தெரியும். தூசிக் கட்டியோ பழந்தழும்பு. கயிறு திரித்தது போல் இறுகிய நார், தண்ணீர் குறைவு, உள்ளதும் நாரில் சிக்கியிருக்கும். அதனால் சப்தம் சட்டென்று அடங்கி, படத்தில் கறுப்பாகத் தெரியும். டி-2 என்கின்ற ஒரு வகைப் படத்தில், நெஞ்சுக்கூட்டின் தசையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கட்டி அதைவிட வெளுத்திருக்கிறதா, அதைப் போலவோ அதைவிட அதிகமாகவோ கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கறுத்திருந்தால் தழும்பு என்பதற்கும், வெளுத்திருந்தால் புற்று என்று சந்தேகிப்பதற்கும் இடமிருக்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் உள்ள வைத்தியர்கள் சுரங்கத் தொழிலாளர்களையும் கல் தொழிலாளர்களையும் இப்படிச் சோதித்து, இந்த வித்தியாசம் உபயோகமானது என்று எழுதியிருக்கிறார்கள். இது தவிர, தண்ணீர் அணுக்களின் இடையே தாராளமாக நகருகிறதா, நெருக்கத்தில் சிக்கிக் கிடக்கிறதா என்று பார்க்கும் படமும், நரம்பில் மருந்து செலுத்தி அது கட்டிக்குள் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்க்கும் படமும் சேர்ந்து துணை செய்கின்றன.

இதெல்லாம் எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியிலும் வந்ததல்ல. அணுவின் உட்கருவுக்கு இக்குணம் உண்டு என்பதை ப்ளாக் என்பவரும் பர்ஸெல் என்பவரும் 1946ல் தனித்தனியே பரீட்சை செய்து காட்டினார்கள். அவர்களுக்கு 1952ல் நோபல் பரிசு கிடைத்தது. எலியின் புற்றுக் கட்டியில் இந்தச் சப்தம் நல்ல சதையைவிட அதிக நேரம் நிற்கிறது என்று 1971ல் டமாடியன் கண்டார். அதிலிருந்து படமெடுக்கலாம் என்று 1973ல் லாட்டர்பர் செய்து காட்டினார். லாட்டர்பருக்கும், படமெடுக்கும் முறையை விருத்தி செய்த மான்ஸ்பீல்டுக்கும் 2003ல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. ஒருவர் சொன்னதை மற்றவர் சந்தேகித்து, சோதித்து, திருத்தி வந்ததால் உண்டான பொருள் இது. "பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், கேட்காதே" என்று அவர்களும் இருந்திருந்தால் இன்றைக்கும் நாம் விபூதி மந்திரித்துக் கொண்டுதான் இருப்போம்.

இந்த யந்திரத்தில் நமக்கு மெத்தப் பிடித்த ஒரு விசேஷமும் உண்டு. அந்த அறைக்குள் போகுமுன் உடம்பிலுள்ள உலோகம் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். மூச்சு முட்டலுக்காக மலையாள மாந்திரீகனிடம் வாங்கிக் கட்டிய தாயத்து, சனிக்காகப் போட்ட இரும்பு மோதிரம், சாமிக்கு வேண்டிப் போட்ட காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இத்தனை நாள் அவைகளைக் கட்டியிருந்தும் தெரியாத உண்மை, அவைகளைக் கழற்றிய பிறகுதான் தெரிய வருகிறது! ஆனால் வேடிக்கையோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். கல் துளைக்கிறவர்களுக்கும் உளி பிடிக்கிறவர்களுக்கும் எப்போதாவது இரும்புச் சிதறல் கண்ணில் பாய்ந்து உள்ளே தங்கியிருக்கலாம். அதைக் காந்தம் இழுத்தால் கண் போய்விடும். ஆதலால் கண்ணில் இரும்பு பட்டதுண்டா, உடலுக்குள் இருதயக் கருவி வைத்திருக்கிறதா என்பதை மறைக்காமல் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இதனால் நாம் தாயத்தின் இடத்தில் யந்திரத்தை வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. இதற்கும் குறைகள் உண்டு. நுரையீரலில் பெரும்பாகம் காற்று. காற்றில் இந்தச் சப்தம் கிடையாது. போதாததற்கு மூச்சினாலும் இருதயத் துடிப்பினாலும் அது ஓயாமல் அசைகிறது. அதனால் சின்னஞ்சிறு தழும்புகளை ஸி.டி. காட்டுவது போல் இது காட்டாது. தூசிக் கட்டியின் நடுப்பாகம் அழுகியிருந்தால் அந்த இடம் வெளுத்துத் தோன்றி ஏமாற்றலாம். க்ஷயமும் வெளுத்துத் தோன்றலாம். ஒரே நெஞ்சில் தழும்பும் புற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவும் கூடும். ஆகையால் வெளுப்பாகத் தெரிந்த இடத்தில் ஊசி போட்டே தீர வேண்டியிருக்கலாம். கறுப்பாகத் தெரிந்தவனையும் காலாகாலத்தில் மறுபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எவனுக்கு ஊசி அவசியம், எவனுக்கு அவசியமில்லை என்று பிரிப்பதற்கும், எந்த இடத்தில் குத்தினால் பலன் உண்டு என்று காட்டுவதற்கும் இது நல்ல கருவி என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம். தன் குறையைத் தானே சொல்லிக்கொள்வதுதான் விஞ்ஞானத்துக்கும் வேதத்துக்கும் உள்ள பேதம்.

"சிலிகோஸிஸுக்குத்தான் மருந்தில்லை என்கிறீர்களே; பிறகு ஒரு கூலிக்காரனுக்கு இத்தனை செலவில் படமெடுத்து என்ன பிரயோஜனம்?" என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். இதற்கு நம்முடைய பதில் மூன்று.

ஒன்று, கட்டி புற்றாயிருந்து ஆரம்பத்திலேயே தெரிந்தால், அறுத்தெடுத்துப் பிழைக்க வைக்க வழியுண்டு. "பழைய தூசிதான், போ" என்று திருப்பி அனுப்பினால் அந்த வழியை நாமே அடைத்தவர்களாவோம். இரண்டு, கட்டி தூசியால் வந்த தழும்பாயிருந்தால், அவனுக்குப் புற்று என்று சொல்லி, அவன் குடும்பம் மாட்டையும் மண்ணையும் விற்று வேண்டாத வைத்தியம் செய்வதும், தாங்காத நெஞ்சில் கத்தி வைப்பதும் தப்பும். அதோடு அவன் தூசியை விட்டு விலகவும், சேர வேண்டிய நஷ்டஈட்டைக் கேட்டு வாங்கவும் ஆதாரம் கிடைக்கும். மூன்று, ஒரு ஊரில் ஒருவனுக்குச் சிலிகோஸிஸ் என்று ருசுவானால், அதே இடத்தில் வேலை செய்யும் மற்ற நூறு பேருக்கும் அது எச்சரிக்கையாகும். முதலாளிகள் பயப்படுவதும் இந்த மூன்றாவதற்குத்தான்.

பணக்காரன் தலைவலிக்கு இந்தப் படம் எடுக்கும்போது யாரும் பிரயோஜனம் கேட்பதில்லை. கல்லுடைக்கிறவன் நெஞ்சுக்கு எடுக்கச் சொன்னால் மாத்திரம் எல்லோருக்கும் சிக்கனம் ஞாபகத்துக்கு வருகிறது. நமது மாகாணத்தில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இந்த யந்திரம் இருக்கின்றது. அது மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. துணிக்கு வரி கொடுத்த கல்லுடைப்பவனின் காசும் அதில் சேர்ந்ததுதான். ஆகவே அவன் பிச்சை கேட்கவில்லை. தன் பொருளைத் தான் உபயோகிக்கக் கேட்கிறான்.

இனி கடவுள் செயல் என்கின்ற வாதத்துக்கு வருவோம். எல்லாம் அவன் செயல் என்று சொல்லுவதில் முதலாளிக்கு இருக்கும் பக்தி, கோவில் குருக்களுக்குக் கூட இருக்காது. காரணம் வெளிப்படை. கடவுள் பேரில் நஷ்டஈட்டு வழக்குப் போட எந்தக் கோர்ட்டிலும் வழி கிடையாது. முதலாளி பேரில் போடலாம். வியாதியைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால் முதலாளி கணக்கில் பற்றே இல்லாமல் போகிறது. இதைவிட லாபகரமான பக்தி வேறென்ன உண்டு?

அல்லாமலும், கல்லுடைக்கும் வேலை ஏன் சில ஜாதியாருக்கென்றே ஏற்பட்டிருக்கிறது? கல் தூசி எந்தப் பிரம்மாவின் முகத்தில் பிறந்தவனையும் பேதம் பாராட்டாமல்தான் கொல்லும். ஆனால் முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளுகிறவன் குவாரிப் பக்கம் போவதில்லை. மலையை உடைத்துக் கொடுத்தவன் தாழ்ந்த ஜாதி. அதை உளியால் கொத்தி உருவமாக்கினவன் கருவறைக்கு வெளியே. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று மணியடிப்பவன் உயர்ந்த ஜாதி. கல்லுக்குக் குடம் குடமாய்ப் பாலபிஷேகம். கல்லைக் கொத்தினவனின் நெஞ்சு காய்ந்து கிடக்கும்போது அவனுக்கு ஒரு உழக்குப் பால் இல்லை. அந்தக் கல்லுக்குச் சக்தியிருப்பது உண்மையானால், தன்னைச் செய்தவனின் நெஞ்சிலுள்ள தன் தூசியையாவது எடுத்திருக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது என்ன?

கல், மணல், சுரங்கம், சிமெண்டு, வார்ப்படம் ஆகிய எந்தத் தூசியில் வேலை செய்தவரானாலும், ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் இத்தனை வருஷம் இன்ன வேலை செய்தேன்" என்பதைத் தாமே சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எடுத்த எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏனெனில் தூசிக் கட்டி வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். புற்றுக் கட்டி மாதக்கணக்கில் வளரும். பழைய படமும் புதிய படமும் சேர்ந்தால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும். சளியைச் சோதிக்காமல் க்ஷயம் என்று மாத்திரை கொடுத்தால், சோதித்துவிட்டுக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். கல் தூசி பட்ட நெஞ்சில் க்ஷயமும் சுலபமாகப் பற்றிக்கொள்ளுமாகையால், உண்மையில் க்ஷயமிருந்தால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. கட்டி என்று சொன்னால், "இது தழும்பா, புற்றா? காந்தப் படத்தால் தெரியுமா?" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியது வேறு. 1948ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்திலேயே சிலிகோஸிஸ் என்பது, டாக்டர் கண்டால் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டிய வியாதிகளின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது புதுச் சட்டம் வந்த பிறகும் அந்த ஜாபிதாவில் அது இருக்கின்றது. ஜாபிதாவில் இருந்து என்ன? பெயர் பதிவில்லாத குவாரியிலும், மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் நடக்கும் கிரஷரிலும் அந்த ஜாபிதாவைப் படிக்கிறவர் யார்? தூசி வேலை செய்யும் ஒவ்வொருவனையும் வருஷத்துக்கு ஒரு தடவை சோதிப்பதும், சந்தேகமுள்ளவனைக் காந்தப் படம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் செலவில்லாமல் அனுப்புவதும், சர்டிபிகேட்டு கொடுப்பதும் சர்க்காரின் கடமையாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மறந்துவிடக் கூடாது. பல கோடி ரூபாய் விலையுள்ள யந்திரம், வந்த வியாதியின் பெயரைச் சொல்லும். ஒரு ரப்பர் குழாயும் ஒரு தொட்டித் தண்ணீரும், வியாதி வராமலே செய்யும். துளை போடும் இடத்தில் தண்ணீர் விழச் செய்வதும், அரைக்கும் யந்திரத்தை மூடி வைப்பதும், தூசியை இழுத்து வெளியேற்றுவதும் எந்த முதலாளியையும் திவாலாக்கிவிடாது. ஹாக்ஸ் நெஸ்ட் மலையில் 1930ல் தெரிந்திருந்தும் செய்யாத காரியத்தை, இன்றைக்கும் நம் ஊர்க் குவாரியில் செய்யாமலிருப்பதை விதி என்று சொன்னால், அதைச் சொல்லுகிறவன் முட்டாளாயிருக்க வேண்டும், அல்லது அதில் லாபம் பெறுகிறவனாயிருக்க வேண்டும்.

நெற்றியில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் எழுத்தை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. நெஞ்சில் இருப்பதைப் படிக்க வழி வந்துவிட்டது. அதைப் படித்துக் காட்டும்படி கேட்பதும், அங்கே அதை எழுதியது யார் கை என்று விசாரிப்பதும்தான் சுயமரியாதையுள்ள மனிதன் செய்ய வேண்டிய காரியமாகும்.